நடந்த குழந்தை நடையை மறந்தால்...

கொல்லிமலைன்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு மூணு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அப்புறம் மூலிகை. நான் ராசிபுரத்துக்காரன், பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். சொந்த ஊர் கொல்லிமலை அடிவாரம்னு வாய் தவறிச் சொல்லிட்டா போதும், அடுத்த நிமிஷமே "எங்க பாட்டிக்கு மூட்டு வலி, அங்க ஏதோ வேர் கிடைக்குமாமே?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. தமிழே தெரியாத எங்க டீம் லீட் கூட கேட்டுட்டார். அவ்வ்வ்...

அந்த மலை மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கற மலை. சாமையும் தினையும் விளையிற மலை. ஆனா "எல்லா வியாதிக்கும் கொல்லிமலையில மருந்து இருக்கு"ங்கற பேச்சு மேல மட்டும் நிறைய கோபம் இருக்கு. மருந்து இருக்கா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம். முதல்ல வியாதிக்குப் பேர் தெரியணுமா வேண்டாமா? பேர் தெரியாம மருந்து தேடுறது, எர்ரர் மெசேஜைப் படிக்காமலே கோடை மாத்துற மாதிரி. எங்க தொழில்ல அது தினமும் நடக்கும். அதிகபட்சம் சர்வர் படுத்துக்கும், மேனேஜர் கத்துவார். குழந்தை விஷயத்துல அப்படி இல்லைங்க.

இந்தப் பதிவு ஒரே ஒரு வியாதியைப் பத்தினது. பேர் கொஞ்சம் நீளம், பயந்து ஓடிடாதீங்க: மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி. சுருக்கமா எம்.எல்.டி. உலக அளவுல 40 ஆயிரத்துல இருந்து 1 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகளுக்கு ஒண்ணுன்னு கணக்கு சொல்றாங்க. இந்த வியாதி ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சதுல நம்ம வேலூருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்த வியாதி எங்க சொந்தத்துக்குள்ள வந்தப்புறம், ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது.

முதல்ல வியாதி என்னன்னு சொல்லிடறேன்.

நம்ம நரம்பு எல்லாம் கரண்ட் கம்பி மாதிரி. கம்பிக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அதே மாதிரி நரம்புக்கு மேல மயலின்னு ஒரு உறை இருக்கு. அந்த உறை பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்புன்னதும் தொப்பையை நினைச்சுக்காதீங்க. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சுவரே கொழுப்புதான். அதுல நூத்துக்கணக்கான வகை இருக்கு. மயலின் உறையில இருக்கற ஒரு வகைக்கு சல்படைடுன்னு பேர். சர்க்கரை ஒண்ணு, சல்பேட் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கற கொழுப்பு.

எந்தப் பொருளா இருந்தாலும் பழசாகும். பழசானதை உடைச்சு, குப்பையை அள்ளி, திரும்ப உபயோகப்படுத்தணும். அதுக்கு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் லைசோசோம்னு ஒரு குப்பைக் கிடங்கு இருக்கு. அதுக்குள்ள அறுபதுக்கும் மேல என்சைம்கள், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வேலை. சல்படைடுல இருக்கற சல்பேட்டை வெட்டி எடுக்கறது அரைல்சல்படேஸ்-ஏங்கற என்சைமோட வேலை. அது இல்லேன்னா சல்படைடு உடையாது. உடையலேன்னா சேரும். சேர்ந்துக்கிட்டே இருக்கும். பொட்டி தட்டுற மக்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லணும்னா, மெமரி லீக். ஆரம்பத்துல புரோகிராம் நல்லாத்தான் ஓடும். யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. உள்ள நிறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு நாள் எல்லாம் மெதுவாகும், அப்புறம் நின்னுடும்.

இதனாலதான் இந்த வியாதி இவ்வளவு கொடூரமானது. குழந்தை பொறக்கறப்ப நல்லா இருக்கும். தவழும், நிக்கும், நடக்கும், "அம்மா"ன்னு கூப்பிடும். அதிகமா பார்க்கற வகையில ரெண்டரை வயசுக்குள்ள தடுமாற ஆரம்பிக்கும். கால் பின்னும், விழும். அப்புறம் நடை போகும், பேச்சு போகும், விழுங்கறது போகும். கத்துக்கிட்டது எல்லாம் ஒவ்வொண்ணா திரும்பிப் போகும்.

சரி, வேலூருக்கு வருவோம்.

பிமல் குமார் பச்சாவத். 1925-ல கல்கத்தாவுல பொறந்தவர், உயிர்வேதியியல்காரர். 1950-கள்ல அமெரிக்காவுல மைனர் கூன்ங்கற விஞ்ஞானியோட ஆய்வகத்துல வேலை பார்த்தப்ப, இவங்க குழு ஹெச்.எம்.ஜி. கோ-ஏங்கற ஒரு மூலக்கூறை அடையாளம் கண்டுச்சு. அதை உடைக்கிற என்சைமைப் பத்தின கட்டுரை 1955-ல வந்துச்சு. "அதனால எனக்கு என்ன?"ன்னு கேக்காதீங்க. நம்ம உடம்பு கொலஸ்ட்ராலைத் தயாரிக்கறது இந்த மூலக்கூறுல இருந்துதான். உங்க அப்பாவோ மாமாவோ ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கற அடோர்வாஸ்டாடின் மாத்திரை, இந்த மூலக்கூறு அடுத்த கட்டத்துக்குப் போகாம தடுக்குற மாத்திரை. ஸ்டாடின் மருந்தைக் கண்டுபிடிச்சது ஜப்பானோட அகிரா எண்டோ, 1970-கள்ல. அந்த வழியில ஒரு கல்லைப் போட்டவங்கள்ல நம்ம ஆளும் ஒருத்தர்.

அப்படிப்பட்டவர் ஊர் திரும்பி வந்து சேர்ந்த இடம் வேலூர் சி.எம்.சி. 1949-ல டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைசிகிச்சைப் பிரிவைத் தொடங்கின அதே ஆஸ்பத்திரி. அங்கே 1950-களோட பிற்பகுதியில நரம்பு வேதியியலுக்குன்னு ஒரு ஆய்வகத்தை பச்சாவத் கட்டி எழுப்பினார். ஆட்டு மூளையை வெச்சு, சல்படைடு எப்படி உருவாகுது, எப்படி உடையுதுன்னு அவரும் அவரோட மாணவர்களும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஆட்டு மூளை! நம்ம ஊர் கசாப்புக் கடைக்காரர் எலவசமாப் போட்டுத் தர்ற சமாச்சாரம்.

அதே சமயம் அமெரிக்காவுல ஜேம்ஸ் ஆஸ்டின்னு ஒரு நரம்பியல் டாக்டர். (பின்னாடி ஜென்னையும் மூளையையும் சேர்த்து தலையணை சைஸுல ஒரு புத்தகம் எழுதினாரே, அவரேதான்.) எம்.எல்.டி. குழந்தைகளோட உடம்புல சேர்றது சல்படைடுதான்னு 1950-களோட கடைசியில தெரிஞ்சு போச்சு. ஆனா ஏன் சேருது? தயாரிப்பு அதிகமா, இல்லை உடைக்கிறது குறைவா? ஆஸ்டின் கையில நோயாளிகளோட திசு இருந்துச்சு. பச்சாவத் கையில அந்த என்சைமைப் பத்தின ஞானம் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் சேர்ந்து 1963-ல ஜர்னல் ஆஃப் நியூரோகெமிஸ்ட்ரியில ஒரு கட்டுரை போட்டாங்க. கிளைகோலிபிட் சம்பந்தப்பட்ட மூணு வியாதிகளை எடுத்து, என்சைம்களை அளந்து, ஒப்பிட்டுப் பார்த்தாங்க. எம்.எல்.டி.யில சல்படேஸ்-ஏ படுத்துக் கிடந்துச்சு. இந்தக் குறைபாட்டை முதல்ல காட்டினது அந்தக் கட்டுரைதான்.

அதை எழுதினவங்க பேரைப் பாருங்க: ஆஸ்டின், பாலசுப்ரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி, பாசு, பச்சாவத். ஏதோ நம்ம காலேஜ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி இல்லை? லைசோசோம்னு ஒண்ணு இருக்குன்னு கிறிஸ்டியன் டி டூவ் சொன்னதே 1955-லதான். எட்டு வருஷத்துக்குள்ள, வேலூர்ல இருந்த ஒரு குழு அந்தத் துறையோட முன்வரிசையில போய் உக்காந்துடுச்சு. பச்சாவத்துக்கு 1962-ல பட்நாகர் விருது, 1990-ல பத்ம பூஷண். 1996-ல காலமானார். நான் பத்து வருஷத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல படிச்ச பாடப் புத்தகத்துல இவர் பேரைப் பார்த்த ஞாபகமே இல்லை. யாரோ ஒரு சித்தர் எந்த நோயையும் குணமாக்கின கதை மட்டும் எனக்கு நாலு விதமா தெரியும்.

இதுவரைக்கும் பெருமை. இனிமேதான் விஷயம்.

எங்க சொந்தத்துல ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். எனக்கு அக்கா முறை ஆகணும். தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தாங்க, எங்க பக்கம் அது சகஜம். மூத்தது பொண்ணு. பதிமூணு மாசத்துல நடந்துச்சு. ரெண்டு வயசுக்கு மேல அடிக்கடி விழ ஆரம்பிச்சுது. முதல்ல மந்திரிச்சாங்க. அப்புறம் கொல்லிமலைக்கு வண்டி கட்டிப் போய் ஒரு வைத்தியர்கிட்ட தைலம் வாங்கிட்டு வந்து மூணு மாசம் தேய்ச்சாங்க. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில கால்சியம் டானிக். இன்னொரு இடத்துல தனியா ஷூ செஞ்சு மாட்டிவிட்டாங்க. ஒரு டாக்டர், "சில குழந்தைங்க லேட்டாத்தான் நடக்கும்மா, பொறுமையா இருங்க"ன்னார்.

அக்கா சொன்ன பதில் இது: "லேட்டா நடக்கலைங்க சார். நல்லா நடந்துட்டு இருந்தவதாங்க."

அந்த ஒரு வாக்கியத்துல முழு வியாதியும் இருக்கு. அதைக் கேட்டு எழுதி வெச்சுக்க ஒரு ஆள் இல்லை. கடைசியா ஒரு பெரிய ஊர்ல மூளையை ஸ்கேன் எடுத்து, என்சைம் சோதனை பண்ணி, எம்.எல்.டி.ன்னு பேர் சொன்னப்ப பாப்பாவுக்கு நாலு வயசு. அதுக்குள்ள ஒரு தம்பியும் பொறந்துட்டான். அவனையும் சோதிச்சாங்க. அவனுக்கும் அதேதான். அன்னிக்கு அவன் ஆஸ்பத்திரி பெஞ்சைப் பிடிச்சு எழுந்து நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பேர் தெரிஞ்சிருந்தா பாப்பாவைக் காப்பாத்தியிருக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது கர்ப்பத்துக்கு முன்னாடி அந்த அம்மாவுக்கு உண்மை தெரிஞ்சிருக்கும். கர்ப்பத்துலயே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கு. வேணுமா வேண்டாமாங்கற முடிவு அவங்க கையில இருந்திருக்கும். அந்த உரிமையே அவங்களுக்குக் கிடைக்கல. என்னோட வாதம் மொத்தமும் இதுதான்: நம்மளால இப்போதைக்குக் கொடுக்க முடியற வைத்தியம், வியாதியோட பேரை சீக்கிரமா சொல்றது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி வேலூர்ல வழி கண்டுபிடிச்சாச்சு. இன்னும் அதை அங்கன்வாடி வரைக்கும் கொண்டு போகல.

மருந்தே இல்லையான்னா, இருக்கு. குழந்தையோட ரத்த மூலச் செல்லை எடுத்து, நல்ல மரபணுவை உள்ள வெச்சு, திரும்ப உடம்புக்குள்ள செலுத்தற ஜீன் தெரபி. ஐரோப்பாவுல 2020 டிசம்பர்லயும், அமெரிக்காவுல 2024 மார்ச்லயும் அனுமதி கிடைச்சுது. அமெரிக்காவுல அறிவிச்ச விலை 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நம்ம காசுக்கு 35 கோடிக்கு மேல. நம்ம அரசாங்கத்தோட 2021 அரிய நோய்க் கொள்கையில ஒரு நோயாளிக்கு உச்சவரம்பு 50 லட்சம். ஏணி வெச்சாக் கூட எட்டாது. அதை விட முக்கியமான விஷயம், சின்னக் குழந்தைகளுக்கு வர்ற வகையில அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே கொடுத்தாத்தான் அது வேலை செய்யும். 35 கோடியை யாராவது தூக்கிக் கொடுத்தாலும், நடை போனப்புறம் பிரயோஜனம் இல்லை. ஆக மருந்து இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி, முதல் படி பேர்தான்.

இப்ப சொந்தத்துல கல்யாணம் பண்ற விஷயத்துக்கு வரேன். உதைக்க வராதீங்க.

ஒவ்வொரு மரபணுவும் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு பார்த்துக்கும், பேக்கப் சர்வர் மாதிரி. ஒரு காப்பி பழுதான ஆளுக்கு எந்தத் தொந்தரவும் வராது. அவருக்கே தெரியாது. அப்படி ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, ரெண்டு காப்பியும் பழுதா வர்றதுக்கு. "முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்த மூணுக்கு வராது"ன்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் சீட்டை புதுசா குலுக்கறாங்க. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவுல நாலுல ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டுல ஒரு பங்கு. ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்கற வாய்ப்பு அந்த அளவுக்கு ஏறும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நாலுல ஒண்ணுக்கு மேல கல்யாணம் ரத்த சொந்தத்துக்குள்ளதான்.

"நாங்க சொந்தத்துல கட்டலையே"ன்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கும் ஒரு செய்தி இருக்கு. 2017-ல ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நேச்சர் ஜெனடிக்ஸ்ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தெற்காசியாவுல 263 சமூகக் குழுக்களைப் பார்த்ததுல, 81 குழுக்கள் ஒரு சின்ன முன்னோர் கூட்டத்துல இருந்து பெருகி, வெளியே பெண் எடுக்காம கொடுக்காம இருந்து வந்திருக்காங்க. அதுவும் இந்த விஷயத்துல உலகத்துக்கே உதாரணமாச் சொல்ற அஷ்கெனாசி யூதர்களை விட அதிகமா. அதுல 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேல ஜனத்தொகை உள்ளவங்க.

கொல்லிமலையில நாடு நாடா பிரிஞ்சு கிடக்குற மலைவாழ் மக்களைப் பார்த்து, "பாவம், அவங்களுக்குள்ளயே கட்டிக்கறாங்க"ன்னு கீழ இருக்கறவங்க பேசுறதைக் கேட்டிருக்கேன். நாம என்ன பண்றோமாம்? மேட்ரிமோனியில முதல் பில்டரே சாதிதானே? அவங்களைச் சுத்தி ஒரு மலை இருக்கு. நம்மளைச் சுத்தி சாதி இருக்கு. சாதிங்கறது கொண்டை ஊசி வளைவு இல்லாத மலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே அஷ்கெனாசி யூதர்கள் என்ன பண்ணாங்கன்னும் பாருங்க. அவங்களுக்குள்ள டே-சாக்ஸ்னு ஒரு வியாதி. இதுவும் லைசோசோம்ல ஒரு கொழுப்பு சேர்ற வியாதிதான், கொழுப்பு மட்டும் வேற. அதுக்குக் காரணமான என்சைம் 1969-ல தெரிஞ்சுது. 1971-லயே அமெரிக்காவுல சமூகத்துக்குள்ள போய் ரத்தம் எடுத்து, யார் யாருக்கு ஒரு காப்பி பழுதுன்னு சோதிக்க ஆரம்பிச்சாங்க. நியூயார்க்ல ஜோசப் எக்ஸ்டீன்னு ஒரு மதகுரு. இந்த வியாதிக்கு நாலு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். 1983-ல டோர் யெஷோரிம்னு ஒரு அமைப்பைத் தொடங்கினார். கல்யாணம் பேசறதுக்கு முன்னாடி பையனுக்கும் பொண்ணுக்கும் சோதனை. யாருக்கும் பேர் கிடையாது, ஒரு எண் மட்டும். ரெண்டு எண்ணையும் சொன்னா, பொருந்தும் பொருந்தாதுன்னு பதில் வரும். யாருக்குப் பழுதுன்னு ஊருக்குத் தெரியாது. இப்படி எல்லாம் பண்ணி அந்தச் சமூகத்துல டே-சாக்ஸோட பொறக்கற குழந்தைங்க 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாங்க. ஒரு பைசா மருந்து இல்லாம! பத்துப் பொருத்தம் பார்க்கற ஊருக்குப் பதினொண்ணாவது பொருத்தம் அவ்வளவு கஷ்டமா என்ன?

இதுக்கு எதிரா என்ன சொல்வாங்கன்னும் தெரியும்.

ஒண்ணு, "லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற வியாதி. ரத்தசோகைக்கும் பிரசவத்துக்கும் செலவு பண்ணவே காசு இல்லை, இது எதுக்கு?" நியாயமான கேள்வி. ஊர்ல எல்லாருக்கும் எம்.எல்.டி. சோதனை பண்ணுங்கன்னு நான் சொல்லல. தவிர, என்சைம் அளவு குறைவா இருந்தும் வியாதியே இல்லாதவங்களும் நிறைய பேர் இருக்காங்க. அதனால எல்லாரையும் சோதிச்சா வீண் பீதிதான் மிஞ்சும். என்சைம் குறைவா வந்தா சிறுநீர்ல சல்படைடு இருக்கா, மரபணுவுல என்ன மாற்றம்னு பார்த்து உறுதி பண்ணித்தான் பேர் சொல்லணும். நான் கேக்கறது, அறிகுறி தெரியற குழந்தையைத் தவற விடாதீங்கன்னு. அப்புறம் அந்தக் குடும்பத்துல மட்டும் சோதனை, ஆலோசனை. இந்தச் செலவு ஒண்ணும் பெரிசு இல்லை. லைசோசோம் வியாதியே ஐம்பது வகைக்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணும் அரிதுதான், ஆனா மொத்தமாச் சேர்த்தா அரிது இல்லை.

ரெண்டு, "இந்த மாதிரி ஆராய்ச்சியால சாமானியனுக்கு என்ன லாபம்?" ஸ்டாடின் கதையை மேலயே சொல்லிட்டேன். இன்னொண்ணு சொல்றேன். பச்சாவத் வேலூருக்கு அப்புறம் கல்கத்தா, டெல்லின்னு போனார். டெல்லி பல்கலைக்கழகத்துல லிப்போசோம் மேல வேலை பார்த்தார். செல் சுவர்ல இருக்கற அதே மாதிரி கொழுப்பால ஒரு குட்டிக் குமிழி செஞ்சு, அதுக்குள்ள ஆம்போடெரிசின்-பிங்கற பூஞ்சை மருந்தை வெச்சு அனுப்பறது. வெறும் மருந்தா கொடுத்தா கிட்னியைப் பதம் பார்க்கற மருந்து, குமிழிக்குள்ள போனா சாதுவாயிடும். 2021-ல கொரோனா ரெண்டாவது அலையில கருப்புப் பூஞ்சை வந்தப்ப, நாடு முழுக்க ஜனங்க லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஊசிக்கு அலைஞ்சது ஞாபகம் இருக்கா? அதே வகை மருந்துதான். ஆட்டு மூளையில கொழுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தவர் கடைசியில எங்க வந்து நிக்கறார் பாருங்க.

மூணு, "குழந்தைக்கு இப்படி ஆனது அம்மா மேல சாபம், தலையெழுத்து." இதைச் சொல்றவங்களுக்கு என்னால பொறுமையா பதில் சொல்ல முடியல, மன்னிக்கணும். பழுது ரெண்டு பக்கமும் சமமா வருது. அந்த அக்காவை ஊர் பேசின பேச்சுல பாதி கூட மாமாவைப் பேசல.

சரி, என்னதான் செய்யணும்ங்கற?

பெரிசா ஒண்ணும் புதுசா கட்ட வேண்டாம். 2013-ல இருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம்னு ஒரு திட்டம் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கணும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம்னு நாலு தலைப்பு. இந்த நாலாவது தலைப்புலதான் ஓட்டை இருக்கு. தாமதம் வேற, இழப்பு வேற. இன்னும் நடக்காத குழந்தை வேற, நடந்துட்டு நிறுத்தின குழந்தை வேற. முதல் குழந்தைக்குக் கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாம். ரெண்டாவது குழந்தைக்கு ஒரு வாரம் கூட காத்திருக்கக் கூடாது. எல்லாம் எம்.எல்.டி.யா இருக்காது. ஆனா அத்தனையும் அவசரம்.

அதனால அங்கன்வாடி அக்கா கையில இருக்கற ரிஜிஸ்டர்ல ஒரே ஒரு கேள்வியைச் சேருங்க: "முன்னாடி செஞ்சுக்கிட்டு இருந்த எதையாவது உங்க குழந்தை இப்ப செய்யறதை விட்டுடுச்சா?" ஆமான்னு பதில் வந்தா, தைலம் இல்லை, டானிக் இல்லை, நேரா மாவட்ட ஆஸ்பத்திரி. அங்கிருந்து என்சைம் பார்க்கற இடம். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அரிய நோய்களுக்கான மத்திய அரசோட சிறப்பு மையங்கள்ல ஒண்ணு.

கொல்லிமலையில இதுக்கு இன்னும் ஒரு படி கூடத் தேவை. செம்மேட்டுல இருந்து நாமக்கல் வர்றதுக்கே அம்பது கிலோமீட்டருக்கு மேல. தினக்கூலி போற அம்மா ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு எழுபது வளைவு இறங்கி, பஸ் மாறி, சென்னை வரைக்கும் வரணும்னா எத்தனை நாள் கூலி போகும்? குழந்தை இறங்கி வரணும்னு அவசியமே இல்லை. உலர்ந்த ரத்தச் சொட்டை அட்டையில எடுத்துத் தபால்ல அனுப்பியே பல லைசோசோம் என்சைம்களை முதல் கட்டமா அளக்க முடியுது. நாம மூலிகை தேடி வண்டி கட்டி மேல ஏறுறோம். அவங்க வியாதிக்குப் பேர் தேடி கீழ இறங்கி அலையறாங்க. அந்த ரத்த அட்டை மட்டும் இறங்கினா போதாதா?

படிக்கற நீங்க செய்ய வேண்டியதும் ஒண்ணு இருக்கு. உங்க குடும்பத்துல, ரெண்டு தலைமுறைக்குள்ள, "நல்லா இருந்த குழந்தை, காரணமே தெரியாம படுத்துப் போச்சு"ன்னு ஒரு கதை இருந்தா, அதை மூடி மறைக்காதீங்க. பொண்ணு கொடுக்க மாட்டாங்கன்னு பயந்துதான் மறைக்கறோம்னு தெரியும். அந்த மறைச்ச கதைக்கு விலை கொடுக்கறது, அடுத்து பொறக்கப் போற குழந்தை. கல்யாணத்துக்கு முன்னாடியோ, குழந்தைக்கு முன்னாடியோ ஒரு மரபணு ஆலோசகர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க. ஜோசியர்கிட்ட போங்க, நான் வேண்டாம்னு சொல்லல. இவர்கிட்டயும் போங்க.

1963-ல வேலூர்ல அந்த ஆறு பேர்ல பாதிக்கு மேல நம்ம ஊர்ப் பேர் வெச்சிருந்தவங்க, ஒரு வியாதிக்குக் காரணம் சொன்னாங்க. பதில் அவங்க எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க. கேள்வியை ரிஜிஸ்டர்ல எழுதற வேலை மட்டும்தான் பாக்கி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் இன்ஜினியர். குழந்தை விழறதை எல்லாம் எம்.எல்.டி.ன்னு நினைச்சு ராத்திரி தூக்கத்தைத் தொலைக்காதீங்க. ஓடி ஆடி விழற குழந்தை ஆரோக்கியமான குழந்தை. ஓட்டத்தையே மறந்தா மட்டும், அன்னிக்கே கிளம்புங்க.